முப்பதாம் தேதி வரை

ஹிசாவோ தருமி முப்பத்து நான்கு வருஷம் ஒசாகா நகரத்தில் பஸ் ஓட்டியவர். அந்த முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் மேல் பதினொரு புகார்க் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாமே அவர் வாயைப் பற்றியவை. சொட்டுகிற குடையோடு ஏறிய வங்கி அதிகாரியிடம், நனைவது உங்கள் கால்சட்டையா பக்கத்து ஆளின் கால்சட்டையா என்று மைக்கில் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு கடிதத்துக்கும் டிப்போவில் தலை குனிந்து மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் அதைப் பெருமையாகச் சொல்வார். மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பவன் நான் ஒருத்தன்தான் இந்த ஊரில் மிச்சம் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி யாசுயோ. பசிக்கிறதா என்று நேராகக் கேட்க மாட்டாள். இன்றைக்கு மீன் நன்றாக இருந்தது என்பாள். ஜன்னலைச் சாத்தச் சொல்ல மாட்டாள். காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது என்பாள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற இந்தப் பேச்சோடு நாற்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியதற்கு நகராட்சி எனக்குத் தனியாக ஒரு பதக்கம் தர வேண்டும் என்று ஹிசாவோ பலமுறை சொல்லியிருக்கிறார். அவள் அதற்கும் நேராகப் பதில் சொன்னதில்லை.

அவர்கள் வீட்டில் பத்து மாதமாகத் தங்கிப் படித்த பெண் ஓயுன். மங்கோலியாவிலிருந்து வந்தவள், இருபத்து இரண்டு வயது. வந்த முதல் நாளே ஹிசாவோ அவளிடம், உங்கள் நாட்டிலிருந்து வந்து இங்கே கொடிகட்டிப் பறக்கிற சுமோ மல்யுத்த வீரர்களில் யார் யார் உனக்குச் சொந்தம் என்று கேட்டார். ஒருத்தரும் இல்லை என்றாள். பொய் சொல்லாதே என்றார். பத்து மாதம் கழித்தும் அவருக்கு அந்தச் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை.

மொழிப்பள்ளி கொடுத்த காகிதத்தில் தங்கும் காலம் மார்ச் முப்பதாம் தேதி வரை என்று இருந்தது. அந்த ‘வரை’தான் வினை. முப்பதாம் தேதி இரவு நம் வீட்டில் தூங்கிவிட்டு முப்பத்தொன்றாம் தேதி காலையில் கிளம்புவாள் என்பது யாசுயோவின் கணக்கு. முப்பதாம் தேதி காலையிலேயே கிளம்பிவிடுவாள் என்பது ஹிசாவோவின் கணக்கு. அவளையே கேட்டுவிடு என்று அவர் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எப்படிங்க கேக்கறது? என்னைக்குக் கிளம்பறேன்னு கேட்டா, சீக்கிரம் கிளம்புன்னு சொல்ற மாதிரி இருக்காதா?” என்பாள் யாசுயோ.

“அப்ப நான் கேக்கறேன்.”

“நீங்க கேட்டா கழுத்தைப் பிடிச்சுத் தள்ற மாதிரி இருக்கும்.”

கேட்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டு அவள் தன் வழியில் துப்புத் துலக்கினாள். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், மாதக் கடைசியில் உங்கள் ஊரில் குளிர் எப்படி இருக்கும் என்று விசாரித்தாள். இன்னும் பனி இருக்கும் என்றாள் ஓயுன். அடடா, பாவம் என்றாள் யாசுயோ. இதிலிருந்து இரண்டு பேருக்கும் என்ன விளங்கியது என்று ஹிசாவோவுக்கு விளங்கவில்லை. அவர் சோற்றுக் கிண்ணத்தை ஓசையோடு கீழே வைத்தார்.

இருபத்தொன்பதாம் தேதி கொரியர்காரன் வந்து ஓயுனின் பெரிய பெட்டியை விமான நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு போனான். அன்று மாலை அவள் ஹிசாவோவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நாளைக்கு நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன், நீங்களும் வருகிறீர்களா அப்பா என்று கேட்டாள். இதை அவள் கேட்பது ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ. முப்பத்து நான்கு வருஷம் ஊரைச் சுற்றியவனைப் பார்த்து ஊர் சுற்ற வா என்கிறாயே, பஸ்ஸைக் கண்டாலே எனக்குக் குமட்டுகிறது, ஒரு தடவை சொன்னால் மண்டையில் ஏறாதா என்று அவர் எரிந்து விழுந்தார். ஏழாவது தடவைக்கு எல்லாருக்கும் எரிச்சல் வரும்தான். ஆனால் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஓயுன் சரி என்று சொல்லி எழுந்து போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முதுகில் சின்னப் பையோடு வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டு, வழக்கம்போல, “போயிட்டு வரேன்” என்றாள். ஜப்பானில் வீடு திரும்பப் போகிறவர்கள் மட்டும் சொல்கிற வார்த்தை அது, பதிலுக்கு வீட்டில் இருப்பவர் போயிட்டு வா என்று சொல்ல வேண்டும். நாய்கூட ஒரு சத்தம் கொடுக்கும். ஹிசாவோ பத்து மாதத்தில் ஒரு நாளும் தவறியதில்லை. அன்றைக்கு ராத்திரிக் கோபம் மிச்சம் இருந்ததால் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. யாசுயோ கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கதவு மூடிக்கொண்டது.

ஒன்பது மணிக்கு மாடியைப் பெருக்கப் போன யாசுயோ கீழே இறங்கி வந்தபோது அவள் முகம் சரியாக இல்லை. அறை காலியாக இருந்தது. மெத்தை உறைகளை ஓயுன் கழற்றி மடித்து வைத்திருந்தாள். பல் துலக்கும் பிரஷ் இல்லை. குப்பைக்கூடையைக்கூடத் துடைத்து வைத்திருந்தாள்.

“பாத்தியா, நான் சொன்னேன். போயாச்சு” என்றார் ஹிசாவோ.

யாசுயோ ஒப்புக்கொள்ளவில்லை. பத்து மாதம் கவனித்துக்கொண்டதற்கு நன்றி என்று மண்டியிட்டுச் சொல்லாமல் ஒரு பெண் வீட்டை விட்டுப் போகமாட்டாள், நான் அப்படி வளர்க்கவில்லை என்றாள். தவிர, போயிட்டு வரேன் என்று சொன்னது கொல்லை வரைக்கும் கேட்டது. ஒரேயடியாகப் போகிறவள் அந்த வார்த்தையைச் சொல்வாளா?

“அவ கக்கூஸ் போனாக்கூட அதைத்தான் சொல்லிட்டுப் போவா” என்றார் அவர்.

“சாயங்காலத்துக்கு ஒண்ணே கால் கிலோ இறைச்சி வாங்கி வச்சிருக்கேங்க.”

மேசையிலேயே அடுப்பை வைத்து வேகவேகச் சாப்பிடுகிற சுக்கியாக்கிக்கு மெல்லிசாகச் சீவிய மாட்டிறைச்சி அது. நல்ல நாளுக்கு ஆக்குகிற சிவப்புப் பயறுச் சோற்றுக்கு அரிசியும் ஊறிக்கொண்டிருந்தது. ஆனால் அப்போது ஹிசாவோவின் மனதில் இறைச்சி இல்லை. அந்தப் பெண் ஒரேயடியாகப் போயிருந்தால், இந்த வீட்டிலிருந்து அவள் கடைசியாகக் கேட்டது செய்தித்தாள் புரளும் சத்தம். அது அவருக்குச் சகிக்கவில்லை. சகிக்காததால் யாசுயோவைத் திட்டினார்.

ஓயுனின் எண் யாசுயோவின் போனில் மட்டும்தான் இருந்தது. அவருடையது மடக்குப் போன், அதில் டிப்போ நண்பர்கள் நாலு பேரும் பல் வைத்தியரும்தான். கொடு, நான் கூப்பிட்டுக் கேட்கிறேன் என்று கை நீட்டினார். யாசுயோ போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அது சிணுங்கியது. ஓயுன் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஊரின் தெற்கே இருக்கிற உயரமான இரும்புக் கோபுரத்தின் ஒரு கால், பக்கத்தில் குச்சியில் குத்திப் பொரித்த தீனி விற்கும் கடை. ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

“கேளு. ராத்திரி வரியான்னு கேளு. ரெண்டே வார்த்தை.”

யாசுயோ கால் மணி நேரம் எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் குனிந்து வணங்கும் முயல் பொம்மைப் படம் ஒன்றை அனுப்பினாள். பதிலுக்கு ஒரு ஒட்டகப் பொம்மை வந்தது. இரண்டு பேரும் திருப்தியாகிவிட்டார்கள். ஹிசாவோ எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

பதினொரு மணிக்கு நீளக் கடைத்தெருவிலிருந்து உருளைக்கிழங்கு வடையின் படம் வந்தது. பன்னிரண்டரைக்கு ஆற்றுப் பாலத்தில் ஒரு கல் சிங்கம் வந்தது. மூன்று படங்களையும் பார்த்த ஹிசாவோவுக்கு இன்னொரு கோபமும் சேர்ந்துகொண்டது. தெற்கே ஆரம்பித்து, நடுவை விட்டுவிட்டு வடக்கே போய், மறுபடி நடுவுக்கு வருகிறாள். இப்படி யாராவது ஊரைச் சுற்றுவார்களா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாதிச் செலவில் முழு ஊரையும் காட்டியிருப்பேனே என்றார். கேட்டாளே, ஏழு தடவை என்று யாசுயோ சொல்லவில்லை. வெளியே வெயில் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

ஒரு மணிக்கு ஹிசாவோ தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வேலையை விட்டு எட்டு வருஷத்தில் அவர் பஸ் ஏறியதில்லை. முதியோர் அட்டையை முதல் தடவையாகப் பெட்டியில் தேய்த்துவிட்டு ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். ஓட்டுகிறவன் இளைஞன். மஞ்சள் விளக்குக்கு முன்னமே பிரேக் போடுகிறான், நிறுத்தத்தில் ஓரத்தோடு ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி நிறுத்துகிறான். ஒவ்வொரு திருப்பத்திலும் ஹிசாவோவின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. பக்கத்து அம்மாள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

சிங்கப் பாலத்தில் இறங்கியபோது இரண்டு மணி. இந்தப் பாலத்தை ஆயிரம் தடவைக்கு மேல் கடந்திருப்பார். நான்கு மூலையிலும் சிங்கங்கள் இருப்பது தெரியும், எந்தச் சிங்கம் வாயைத் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பது தெரியாது. ஓட்டுகிறவன் சிங்கத்தையா பார்ப்பான்? நின்று நான்கையும் பார்த்தார். சுற்றுலாக்காரி ஒருத்தி அவர் கையில் கேமராவைக் கொடுத்துப் படம் எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தார். ஓயுன் இல்லை.

அப்போது மடக்குப் போன் ஒலித்தது. புதுப் படம் வந்திருப்பதாக யாசுயோ சொன்னாள்.

“என்ன தெரியுது?”

“தண்ணிங்க. ரொம்ப அழகா இருக்கு.”

“ஒசாகா பூரா தண்ணிதான். வேற என்ன இருக்கு?”

“படகு மாதிரி ஒண்ணு. அதுல சைக்கிள் நிக்குது. அவ விரல்ல நகச்சாயம் போட்டிருக்கா, இந்தக் கலர் அவளுக்கு எடுக்குது.”

ஹிசாவோ கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் பாலம் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். வட்டம் வட்டமாகச் சுற்றி மேலே போகிறது என்றாள். அவ்வளவு போதும். இரண்டு கரையிலும் வளையம் போட்டு ஏறுகிற மூக்குக்கண்ணாடிப் பாலம், அதன் அடியில் ஓடுகிற நகராட்சிப் படகு. இரும்பாலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளோடு ஆற்றைக் கடக்கிற இலவசப் படகு அது. ஊரில் இத்தனை கோயில், கோட்டை, கடை இருக்க, பத்து மாதம் தங்கிய பெண் கடைசி நாளில் போய் ஏறியிருப்பது அதில். தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

துறைக்குப் போய்ச் சேர மூன்றரை ஆகிவிட்டது. படகு அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஹெல்மெட் போட்ட இரண்டு ஆட்களுக்கும் ஒரு சைக்கிளுக்கும் நடுவில் ஓயுன் நின்றிருந்தாள். தலைமுடி காற்றில் பறந்துகொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது சந்தோஷமா திடுக்கிடலா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாரும் இறங்கினார்கள். படகோட்டி ஹிசாவோவிடம், இந்தப் பெண் உங்களோடு வந்தவளா, இதோடு ஐந்து தடவை போய் வந்துவிட்டாள் என்றார்.

துறையின் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அங்கே இருந்த இயந்திரத்தில் காசு போட்டு அவளுக்கு ஒரு பாலும் தனக்கு ஒரு காப்பியும் எடுத்துக்கொண்டு வந்தார். காலையில் பதில் சொல்லாததைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும் என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தவர், வாயைத் திறந்ததும் சண்டையில் ஆரம்பித்தார்.

“நீ போயிட்டியா, இல்ல வருவியா? அம்மா அரிசி ஊறப் போட்டிருக்கா.”

ஓயுன் பால் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாளைக் காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருவேன் என்றாள். நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வந்து, முறைப்படி நன்றி சொல்லி, வாங்கி வைத்திருக்கும் பரிசைக் கொடுத்துவிட்டு அங்கிருந்து விமான நிலையத்துக்குப் போவேன். அதனால்தான் போயிட்டு வரேன் என்று சொன்னேன். இன்று ராத்திரிக்கு நகரத்தில் ஒரு சின்ன ஹோட்டல் அறை எடுத்திருக்கிறேன். காகிதத்தில் முப்பது வரை என்றுதானே இருந்தது.

ஹிசாவோ பெருமூச்சு விட்டார். இதுதான், இதேதான் என்றார். யாசுயோ உன்னையும் கெடுத்து வைத்திருக்கிறாள். ஒரு ராத்திரி சேர்த்துத் தங்கலாமா என்று கேட்க உனக்குத் தயக்கம், தங்கு என்று சொல்ல அவளுக்குத் தயக்கம், நடுவில் ஒண்ணே கால் கிலோ இறைச்சி. உபசாரத்துக்கு நான் பேசுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். ஹோட்டலை ரத்து பண்ணு, கிளம்பு.

“இல்லப்பா, பரவால்ல” என்றாள்.

“இந்தப் பரவால்லதான் எனக்குப் பிடிக்காது. மூணு தடவை கூப்பிட்டாத்தான் வரணும்னு அவ சொல்லிக் கொடுத்திருப்பா. நான் மூணு தடவை கூப்பிட மாட்டேன். மனசுல என்ன இருக்கோ அதைச் சொல்லு. உங்க ஊர்ல எப்படிச் சொல்லுவீங்களோ அப்படிச் சொல்லு.”

ஓயுன் அவரைப் பார்த்தாள். நிஜமாகவா என்று கேட்டாள். நிஜமாகத்தான் என்றார் அவர்.

“எனக்கு இன்னைக்கு ராத்திரி அங்க வர இஷ்டம் இல்லப்பா.”

படகு மறுபடி புறப்பட்டது. அவள் அவசரமில்லாமல், மொழி வகுப்பில் பேசுகிற மாதிரி சுத்தமாகப் பேசினாள். பத்து மாதம் நான் விருந்தாளி. குளிக்கப் போனால் வென்னீர் சரியாக இருக்கிறதா என்று அம்மா வெளியே நின்று கேட்பாள். இருமினால் தேன் வரும். ஜன்னலைத் திறந்தால் உனக்குப் புழுக்கமா என்று வருத்தப்படுவாள். எல்லாம் பாசம், எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள், ஒரே ஒரு நாள் இந்த ஊரில் யாருக்கும் விருந்தாளியாக இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆசை. எங்கே இறங்கலாம், எத்தனை தடவை படகில் போகலாம், ராத்திரி சாப்பிடலாமா வேண்டாமா என்று நானே முடிவு பண்ண வேண்டும்.

“அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்ட?”

“நீங்க கூட வந்தா பரவால்ல. நீங்க என்னைக் கவனிச்சுக்கவே மாட்டீங்க.”

இது திட்டா பாராட்டா என்று ஹிசாவோ யோசித்தார்.

“தேதியைக் கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா, இருன்னு சொல்லிடுவீங்க. அதான் கேக்கல.”

அவருக்குச் சுருக்கென்றது. நேராகப் பேசுகிறவர்கள் இந்த ஊரில் அருகிப் போனார்கள் என்று இத்தனை வருஷம் அங்கலாய்த்தவருக்கு, நேரான பேச்சு தன் காதிலேயே வந்து விழுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. டிப்போவுக்குக் கடிதம் எழுதிய பதினொரு பேரும் ஒரு கணம் நினைவுக்கு வந்தார்கள். காப்பியைக் குடித்து முடித்தார். இதை அம்மாவிடம் சொல்லாதே என்றார்.

“நாளைக்குக் கேட்டா என்ன சொல்றது?”

“அவ கேக்க மாட்டா. நீ ஒண்ணும் சொல்லாத. நான் சொல்லிக்கறேன்.”

பிறகு காலையில் பதில் சொல்லாதது தப்பு என்றார். எந்தப் பதில் என்று அவள் கேட்டாள். அவள் அதைக் கவனித்திருக்கவே இல்லை. சீக்கிரம் கிளம்பாவிட்டால் நீங்கள் வந்து என்னைத் தடுத்துவிடுவீர்களோ என்று செருப்பை மாட்டியதும் ஓடிவிட்டேன் என்றாள். அவர் எழுந்து காலி டப்பாவைக் குப்பைக்கூடையில் போட்டார். அவளோடு ஒரு தடவை அக்கரைக்கும் ஒரு தடவை இக்கரைக்கும் படகில் போய்வந்தார். அவள் எதையும் காட்டச் சொல்லவில்லை, அவரும் எதையும் காட்டவில்லை. வடக்கே போக எந்த பஸ், எங்கே மாற வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதற்கு அவள், நானே பார்த்துக்கொள்கிறேன் அப்பா என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை மணி. கூடத்து மேசையில் அடுப்பும் சட்டியும், வெங்காயத்தாளும், காளானும், அடுக்கடுக்காக இறைச்சியும், மூன்று கிண்ணங்களில் தொட்டுக்கொள்ள அடித்த பச்சை முட்டையும் தயாராக இருந்தன. யாசுயோ வாசலுக்கு வந்து அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். கதவை உடனே சாத்தவில்லை.

“வெளியில காத்து ஜாஸ்தியா?” என்றாள்.

ஹிசாவோ செருப்பைக் கழற்றினார். தொப்பியைக் கழற்றினார். பஸ்ஸில் வரும்போது இரண்டு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தார். இப்போது அவை போதவில்லை.

“பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க எல்லாம் சேந்து அவளுக்கு விருந்து வச்சுட்டாங்களாம். கடைசி நிமிஷத்துல. மாட்டேன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்திருக்கா, விடலையாம். ராத்திரி அங்கேயே தங்கிட்டு நாளைக்குப் பத்து மணிக்கு முறையா வந்து சொல்லிட்டுப் போறாளாம். அம்மா சமையலை விட்டுட்டோமேன்னு ரொம்ப வருத்தப்பட்டா.”

யாசுயோ கேட்டுக்கொண்டு நின்றாள்.

“அழுதாளா?”

“கொஞ்சம்.”

அவள் கதவைச் சாத்தினாள். மேசைக்குப் போய் மூன்றாவது கிண்ணத்து முட்டையை எடுத்து அவர் கிண்ணத்தில் ஊற்றினாள். அடுப்பைப் பற்ற வைத்துக் கொழுப்பைச் சட்டியில் தேய்த்து, முதல் துண்டைப் போட்டாள். நல்ல இறைச்சி. வாசம் வீடு முழுக்க எழுந்தது.

“நீங்க ஒரு விஷயத்தை இவ்வளவு பக்குவமா சொல்லி நான் கேட்டதே இல்ல” என்றாள், சட்டியைப் பார்த்தபடி.

ஹிசாவோ குச்சிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். எந்தப் பெண்கள், எங்கே விருந்து என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. அவள் வெந்த துண்டை எடுத்து அவர் கிண்ணத்தில் வைத்தாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நாற்பத்தொரு வருஷமாக அவருக்கு எரிச்சல் மூட்டிய அந்தக் கேட்காமல் விடுகிற குணத்துக்கு அவர் தலையை நன்றாகக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.